அரைச் சோடி

பல்லார்ட் எஸ்டேட்டில்
வெளிநாட்டுத் தபால் நிலையம் திறக்கப் பத்து மணி.
ஒன்பது நாற்பதுக்கே நான் படியில்.
ஜிடிபி நகரில் ஏறி, ஹார்பர் லைனில் நின்றபடியே வந்து
வி.டி.யில் இறங்கி நடந்தால்
மற்றவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
எனக்கு இருபத்தைந்து.

வந்த சீட்டில் ஒரே வரி:
காலணி. மதிப்பு தெளிவில்லை. நேரில் வரவும்.

தெளிவில்லாமல் என்ன?
என் வலது கால் ஆறு. இடது கால் மூன்று.
இரண்டு வயதில் வந்த காய்ச்சல்
போகும்போது மூன்று சைஸை எடுத்துக்கொண்டு போயிற்று.
ஆறில் ஒரு சோடி, மூன்றில் ஒரு சோடி,
நாலு செருப்புக்கு விலை கொடுத்து
இரண்டில் நடக்கிறேன்.
மிச்சம் கட்டிலுக்கடியில்,
இடது ஆறுகளும் வலது மூன்றுகளும்
பாலித்தீன் பைக்குள்.

நெதர்லாந்தில் ஒரு கடை
ஒற்றைக் காலணி விற்கிறதென்று
ராத்திரி இரண்டு மணிக்குக் கண்டுபிடித்தேன்.
வலது நன்றாகத்தான் இருக்கிறது.
இடதுதான் தேயும், இழுத்து வைக்கிற கால்.
எண்ணிக்கை: 1.
பொத்தானை அழுத்தக் கை நடுங்கியது.
வாழ்க்கையில் முதல்முறை
வேண்டியதை மட்டும் வாங்குகிறேன்.

நாலாம் கவுன்ட்டரில் சாவந்த்.
"தங்… கா… புஷ்பாம்?"
நான்தான்.
பெட்டியைப் பிரித்து, டச்சுத் தாள்களைக் கலைத்து
கவிழ்த்துத் தட்டினார்.
"தூஸ்ரா?"
இல்லை.
"வழியில தொலைஞ்சதா? புகார் எழுதணுமா?"
புடவையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினேன்.
நாற்பத்து மூன்று வயதில்
இதற்கெல்லாம் வெட்கப்படுவதில்லை.
அவர்தான் வெட்கப்பட்டார்.

பிறகு கணக்கு. அது என் பிழைப்பு.
மாட்டுங்காவில் பதினோரு கடைகளுக்கு
மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவள்.
அவர் விரல் போகுமுன் என் வாய் போயிற்று:
செருப்பு மூவாயிரத்து நானூற்று இருபது.
அது ஏறிவந்த விமானத்துக்கு ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
இரண்டையும் கூட்டி அதன்மேல் சுங்கம்,
சுங்கத்தின்மேல் நலவரி,
அத்தனையையும் அடுக்கி உச்சியில் ஜிஎஸ்டி.
பொருளுக்கு வரி, வந்த வழிக்கு வரி, வரிக்கு வரி.
மூவாயிரத்து இருநூற்று ஐம்பத்து நாலு.
ஒரு ரூபாய் பிசகவில்லை.
சாவந்த் சிரித்துவிட்டார்.

அப்புறம்தான் அந்தக் கட்டம்.
அலகு: சோடி.
எண்ணிக்கை என்ற இடத்தில் அவர் 1 அடித்தார்.
"அரை" என்றேன்.
"பணம் மாறாது மேடம்."
தெரியும்.
"பின்னே எதுக்கு?"
பதில் இருந்தது. இந்தியில் வரவில்லை.
தமிழில்கூட, யோசித்தால்,
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

0.5 அடித்தார்.
திரை சிவந்தது.
மறுபடி அடித்தார். மறுபடி சிவப்பு.
வரிசையில் பின்னால் ஒரு பையன்,
கொரியாவிலிருந்து எதுவோ வந்திருக்கிறதாம்,
நிமிடத்துக்கு ஒரு 'ச்சு' கொட்டினான்.
போகட்டும், ஒன்றே போடுங்கள் என்றேன்.
போட்டார்.
ரசீதை நீட்டப்போனவர் நிறுத்தி, பேனா தேடி,
என்னிடமே பேனா வாங்கி,
ஓரத்தில் மராட்டியில் எதையோ கிறுக்கி
அதன்மேலேயே முத்திரையை இறக்கினார்.

வெளியே படியில் உட்கார்ந்து மாட்டிப் பார்த்தேன்.
குதிகால் பிடித்தது. விரல் பிடித்தது.
இடது புதுக் கறுப்பு,
வலது மூன்று மழைக்காலம் கண்ட பழுப்பு.
மை காயாத எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.
ஃபக்த் டாவா.
இடது மட்டும்.

திரும்பும்போது வி.டி.க்கு
இருபத்திரண்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தேன்.
மூன்று நிமிடம் லாபம்.
அதை எந்தக் கட்டத்திலும் காட்டப்போவதில்லை.